இந்தப் படம் எந்த ஊர், எந்த வருஷம்?

நகரங்களைப் பற்றியும் நகர வாழ்க்கையைப் பற்றியும் இணையத்தில் கண்டெடுத்தவற்றை அனுப்பி, வாசகர்கள் கேட்ட சந்தேகங்களுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: 150 வருஷத்துக்கு முந்தைய நகரப் படங்களில் மாளிகை மாளிகையாகக் கட்டடங்கள் இருக்கின்றன, தெருவில் ஈ காக்கை இல்லை. கீழ்த்தள ஜன்னல்கள் பாதி மண்ணுக்குள் இருக்கின்றன. ‘ஒரு பழைய நாகரிகமே சேற்றில் புதைந்தது, அதை மறைக்கிறார்கள்’ என்று வீடியோ மேல் வீடியோவாக வருகிறது. கொஞ்சமாவது உண்மை உண்டா?

ப: புதைந்த நாகரிகம் என்று எதுவும் இல்லை. ஆனால் ஆளில்லாத தெரு, பாதி புதைந்த ஜன்னல் இரண்டுமே படத்தில் இருப்பவைதான். காரணம்தான் வேறு.

முதலில் தெரு. ஆரம்பகாலக் கேமராவில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. அத்தனை நேரமும் அசையாமல் இருப்பது மட்டுமே தகட்டில் விழும். நடப்பவர்களும் குதிரை வண்டிகளும் சுவடில்லாமல் மறைந்துவிடுவார்கள். 1838இல் பாரிஸின் டெம்பிள் புல்வார் சாலையைப் புகைப்பட முன்னோடி தாகேர் எடுத்த படம் புகழ்பெற்றது. எப்போதும் நெரிசலான சாலை அது. படத்தில் தெளிவாகத் தெரிவதோ ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ளக் காலைத் தூக்கி வைத்து நின்ற ஒருவரின் உருவம். அவர் நின்றதால் பதிந்தார், அவ்வளவுதான். 1880களில் ஜெலட்டின் உலர் தகடுகள் பரவின. நொடியின் ஒரு பகுதியிலேயே படம் விழத் தொடங்கியதும் தெருப்படங்களில் கூட்டமும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய படம் ஒன்றை நீங்களே சோதிக்கலாம். அமெரிக்க காங்கிரஸ் நூலகத் தளத்தில் பெரிய அளவு டிஃப் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைப் பெரிதாக்கிச் சாலையின் நடுப்பகுதியைப் பாருங்கள். புகை இழுத்தாற்போல் வண்டியின் தடம், உடம்பில்லாத கால்கள் என்று ஏதாவது தட்டுப்படும். பரப்பப்படும் சின்னப் படத்தில் இவையெல்லாம் நசுங்கிப் போயிருக்கும்.

அடுத்து ஜன்னல். அரை நிலவறைத் தளத்துக்கு வெளிச்சம் வர, தரையை ஒட்டி ஜன்னல் வைத்துக் கட்டுவது பல குளிர்நாட்டு நகரங்களில் சாதாரணம். சில நகரங்களில் தெருவையே உயர்த்தியிருக்கிறார்கள். சிகாகோ ஏரிக்கரையோரச் சமதரை. கழிவுநீர் தானாக ஓட வாட்டம் வேண்டும், ஆழத் தோண்டவோ வழியில்லை. அதனால் பொறியாளர் எல்லிஸ் செஸ்பரோவின் 1855ஆம் ஆண்டுத் திட்டப்படி குழாய்களைத் தெருமட்டத்திலேயே பதித்து, அவற்றின் மேல் மண் கொட்டித் தெருவை உயர்த்தினார்கள். கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். 1860இல் லேக் தெருவில் வரிசையாக நின்ற கடைகளைச் சுமார் 6,000 ஜாக்கிகளும் 600 ஆட்களுமாக ஒரே மூச்சில் உயர்த்தினார்கள். தூக்காமல் விட்ட கட்டடத்தின் கீழ்த்தளம் தரைக்குக் கீழே போனது. சியாட்டிலில் 1889 ஜூன் தீ விபத்துக்குப் பின் தெருக்களை ஒரு மாடி உயரத்துக்கும் மேலாக ஏற்றினார்கள். பழைய தரைத்தளம் பாதாளமாகிவிட்டது. அதற்கு வெளிச்சம் தர நடைபாதையில் பதித்த கண்ணாடிக் கட்டிகள் இன்றும் இருக்கின்றன. கண்ணாடியில் கலந்த மாங்கனீசு வெயில்பட்டு ஊதாவாகிவிட்டது. இத்தனைக்கும் நகராட்சித் தீர்மானம், வரைபடம், பத்திரிகைச் செய்தி எல்லாம் இருக்கின்றன. மறைக்க நினைத்தவர்கள் இவ்வளவு காகிதத்தை விட்டுவைக்க மாட்டார்கள்.

கே: 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் கேபிள் காரின் முன்னால் கேமரா வைத்து எடுத்த படம், வண்ணத்தில், நேற்று எடுத்ததுபோல் வழவழவென்று ஓடுகிறது. அந்த வண்ணத்தை நம்பலாமா?

ப: வண்ணத்தை நம்ப வேண்டாம். அந்தக் காலப் படச்சுருள் சிவப்பை உணராது. அடர்சிவப்புத் துணியும் கறுப்புத் துணியும் அதில் ஒரே கறுப்பு, நீலவானம் வெள்ளை. பதியாத தகவலை மென்பொருள் மீட்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். வழவழப்பும் அப்படித்தான். கையால் சுழற்றிய கேமரா நொடிக்கு ஏறக்குறைய 16 சட்டகங்கள் எடுத்தது. அதை 60 ஆக்கினால் நான்கில் ஏறக்குறைய மூன்று சட்டகங்கள் கணினி செய்தவை. சக்கரத்தின் ஆரக்கால்கள், குறுக்கே ஓடும் ஆளின் கால்கள், கடைப் பலகை எழுத்துகள் ஆகிய இடங்களில் உருவம் நெளிவதைக் காணலாம்.

மூலப்படம் மைல்ஸ் சகோதரர்கள் மார்க்கெட் தெருவில் எடுத்தது. நீண்ட காலம் 1905 என்றே பட்டியலில் இருந்தது. திரைப்பட வரலாற்றாளர் டேவிட் கீன் படத்தில் தெரியும் மோட்டார் காரின் பதிவெண்ணையும் தெருவில் தேங்கிய மழைநீரையும் அந்நாள் வானிலைக் குறிப்புகளோடும் பத்திரிகைகளோடும் ஒப்பிட்டு, 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன்பு எடுத்தது என்று காட்டினார். இன்னொன்றையும் கவனியுங்கள். சில மோட்டார் கார்கள் கேமராவைச் சுற்றிச் சுற்றி மறுபடி மறுபடி வருகின்றன. போக்குவரத்து அதிகம் என்று காட்டச் செய்த ஏற்பாடு அது. ஆக, ‘அந்தக் காலத்திலேயே இவ்வளவு கார்களா’ என்று கருத்துப் பெட்டியில் வியப்பவர்கள் அதே கார்களைத்தான் திரும்பத் திரும்ப எண்ணுகிறார்கள்.

கே: ஊரும் வருஷமும் இல்லாமல் பழைய தெருப்படம் வந்து சேர்கிறது. கண்டுபிடிக்க ஒழுங்கான முறை இருக்கிறதா?

ப: இருக்கிறது. அவசரப்படாமல் செய்தால் பெரும்பாலான படங்களுக்கு மூலம் கிடைத்துவிடும்.

கிடைப்பதிலேயே பெரிய பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரச் சட்டம், மேலே ஒட்டிய வாசகம், யாரோ போட்ட முத்திரை எல்லாவற்றையும் வெட்டுங்கள். அவை இருந்தால் தேடுபொறி அதே வாசகம் ஒட்டிய பிரதிகளையே கொண்டுவந்து கொட்டும். கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ ஆகிய படத்தேடல் தளங்கள் மூன்றிலும் தேடுங்கள். ஒன்றில் விழாதது மற்றதில் விழும். கட்டட முகப்புகளை அடையாளம் காண்பதில் யாண்டெக்ஸ் பல நேரம் கைகொடுக்கும். டின்ஐயில் முடிவுகளைப் பழையது முதலில் என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் அங்கே வரும் தேதி அந்தத் தளம் படத்தை முதலில் பார்த்த தேதி, படம் எடுத்த தேதி அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு ‘2011இல் எடுத்தது’ என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர். ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பித் தேடுங்கள். கண்ணாடித் தகட்டைத் தலைகீழாக ஸ்கேன் செய்த படங்கள் உண்டு; பிடிபடாமலிருக்க வேண்டுமென்றே திருப்பியவையும் உண்டு. அதற்கும் அகப்படவில்லையென்றால் கோபுரம், பெயர்ப்பலகை, சிலை என்று ஒரு துண்டை மட்டும் வெட்டித் தேடுங்கள்.

நூலகமோ அருங்காட்சியகமோ வைத்திருக்கும் பக்கம் வரை போனால்தான் வேலை முடிந்தது. அங்கே பட்டியல் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பு சதுர அடைப்புக்குள் இருந்தால் அது புகைப்படக்காரர் வைத்ததல்ல, பட்டியல் தயாரித்தவர் வைத்தது. ‘1890க்கும் 1900க்கும் இடையில்’ என்றிருப்பதை ‘1890’ என்று சுருக்கிப் பரப்புவது இணையத்தின் பழைய வியாதி.

பட்டியல் எதிலும் இல்லையென்றால் படத்துக்குள்ளேயே துப்பு தேடவேண்டும். இதற்கு இரண்டு எல்லைகளை வையுங்கள்: இதற்கு முன்னால் இருக்க முடியாது, இதற்குப் பின்னால் இருக்க முடியாது. டிராம் கம்பி இருந்தால் மின் டிராம் வந்த பிறகு. இடிக்கப்பட்ட பாலம் நிற்கிறது என்றால் இடிப்புக்கு முன். சுவரொட்டி, வண்டியின் பதிவெண், கடைப் பெயர் ஒவ்வொன்றும் எல்லையை நெருக்கும். தெரு தெரிந்துவிட்டால் நிழலின் திசையை, சூரியன் நிற்கும் திசையைக் காட்டும் சன்கால்க் தளத்தில் ஒப்பிட்டு மணியையும் பருவத்தையும் ஓரளவு சொல்லலாம். வருஷத்தை மட்டும் நிழல் சொல்லாது.

வாட்ஸ்அப்பில் வந்த புதிய படத்தில் கேமராத் தகவல் இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். அனுப்பும்போதே செயலி அதை உதிர்த்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு வரைந்த ‘பழைய படம்’ என்று தோன்றினால் பலகை எழுத்துகள், ஒரே மாடி ஜன்னல்களின் எண்ணிக்கை, டிராம் கம்பி எங்கே போய் முடிகிறது ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

கே: சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது?

ப: வட்டத்தின் விட்டம் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒன்றே. ஆகவே எப்படித் திருப்பினாலும் தன் துளைக்குள்ளே விழாது. சதுர மூடியை மூலைவிட்டத்தில் சாய்த்தால் விழுந்துவிடும். தனியே உருட்டிக்கொண்டு போகலாம், எந்தப் பக்கமாக வைத்தாலும் பொருந்தும் என்பவை கூடுதல் வசதி. வட்டம் ஒன்றுக்கே இந்தக் குணம் என்று எழுதுகிறார்களே, அது தவறு. ரூலோ முக்கோணம் என்ற வளைந்த முக்கோணத்துக்கும் உண்டு. இதே தேடலில் ஜப்பானின் மூடிகள் கண்ணில் பட்டிருக்கும். ஊருக்கு ஊர் வேறு வேறு சித்திரம். 2016 முதல் அவற்றுக்குச் சேகரிப்பு அட்டையே அச்சிடுகிறார்கள். இலவசம், ஆளுக்கு ஒன்று, அந்த ஊருக்கே நேரில் போனால்தான் கிடைக்கும், தபாலில் வராது. அட்டையில் மூடி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வரை போட்டிருக்கும்.

கே: உலகின் பெரிய நகரம் டோக்கியோ என்று ஒரு பட்டியல், சோங்கிங் என்று இன்னொன்று, இப்போது ஜகார்த்தா என்கிறார்கள். யார் சொல்வது சரி?

ப: மூவரும் மூன்று வெவ்வேறு எல்லைக்கோடுகளுக்குள் எண்ணுகிறார்கள். மக்கள்தொகை எண்ணைப் பார்க்கும் முன் பரப்பளவைக் கேட்டால் பாதிச் சண்டை தீரும்.

சோங்கிங்கின் 3.2 கோடி பேர் சுமார் 82,000 சதுர கி.மீ. நிர்வாகப் பரப்பில் இருக்கிறார்கள். ஆஸ்திரியா நாட்டின் அளவு அது. உள்ளே மலையும் வயலுமே அதிகம். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர்கூடத் தேறாது. டோக்கியோ பெருநகர நிர்வாகம் சுமார் 2,200 சதுர கி.மீ., 1.4 கோடி பேர். அதில் பசிபிக்கில் சுமார் 1,000 கி.மீ. தள்ளி இருக்கும் ஒகசவாரா தீவுகளும் சேர்த்தி. 23 வார்டுகளை மட்டும் எடுத்தால் சுமார் 627 சதுர கி.மீ.யில் ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவு. சுற்றியுள்ள பெருநகரத் தொகுதி முழுவதையும் சேர்த்தால் 3.7 கோடி, ஐ.நா.வின் 2018 பட்டியலில் முதலிடத்தில் இருந்தது அதுதான்.

2020இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் பொதுவான ஓர் அளவுகோலை ஏற்றது. பூமியை ஒரு கி.மீ. சதுரக் கட்டங்களாகப் பிரிப்பது. கட்டத்துக்குக் குறைந்தது 1,500 பேர் உள்ள, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கட்டங்களைச் சேர்ப்பது. மொத்தம் 50,000ஐத் தாண்டினால் நகரம். மாவட்டக் கோடு, மாநகராட்சிக் கோடு எதற்கும் இடமில்லை. இந்தக் கணக்கில்தான் 2025 பட்டியலில் ஜகார்த்தா சுமார் 4.2 கோடியோடு முதலிடம், டாக்கா இரண்டு, டோக்கியோ மூன்று. டோக்கியோவிலிருந்து ஒரே வருஷத்தில் கோடிப் பேர் ஓடிவிடவில்லை, கோடு மாறியது.

அடர்த்திப் பட்டியலிலும் இதே விளையாட்டு. ஹாங்காங்கின் கௌலூன் மதில் நகரத்தில் சதுர கிலோமீட்டருக்கு 12 லட்சம் பேர் என்று படித்திருப்பீர்கள். இடிக்கும் முன் எடுத்த கணக்கில் சுமார் 33,000 பேர், பரப்பு 2.6 ஹெக்டேர். வகுத்தால் அந்த எண் வரத்தான் செய்கிறது. ஆனால் அதை ஒரு முழு நகரத்தோடு ஒப்பிடக் கூடாது. ஒப்பிட வேண்டுமென்றால் வேறொரு நகரத்தின் மிக நெருக்கமான 2.6 ஹெக்டேரை எடுங்கள். சாலை, பூங்கா, பள்ளி எல்லாம் வெளியே விழும்படி கோட்டைப் போட்டால் எந்தக் குடியிருப்பையும் உலக சாதனையாக்கிவிடலாம்.

கே: பழைய நகர வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்க முடியும் என்றார்கள். கியூஜிஐஎஸ் மென்பொருளில் முயன்றால் தெருக்கள் பாம்பாக வளைகின்றன. எங்கே தப்பு?

ப: வளைவது பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளால். பழைய வரைபடத்தில் ஒரு புள்ளி, இன்றைய வரைபடத்தில் அதே இடம்: இப்படிச் சோடி சோடியாகக் கொடுக்கிறீர்கள். முதல் படிப் பல்லுறுப்பு உருமாற்றத்துக்கு (தாளை வளைக்காமல் நகர்த்தி, திருப்பி, இழுத்து மட்டும் பொருத்தும் முறை) குறைந்தது 3 சோடி, இரண்டாம் படிக்கு 6, மூன்றாம் படிக்கு 10 வேண்டும். குறைந்தபட்சத்தோடு நிறுத்தினால் பிழையே காட்டாது, ஏனென்றால் சரிபார்க்க மிச்சப் புள்ளி இல்லை. முதல் படியையே வைத்துக்கொண்டு 10, 12 புள்ளிகள் கொடுங்கள். நடுவில் குவிக்காமல் நான்கு மூலைக்கும் பரப்புங்கள். நடுவில் மட்டும் கொடுத்தால் ஓரங்கள் காற்றில் பறக்கும்.

புள்ளிக்கு ஏற்றவை: ரயில்பாதையும் சாலையும் குறுக்கிடும் இடம், கல்பாலத்தின் முனை, இடிக்கப்படாத தேவாலயம் அல்லது கோட்டையின் மூலை. ஆகாதவை: ஆற்றங்கரை, கடற்கரை, குளத்தின் ஓரம். இவை நகரும். பெயர் மாறாமல் வேறிடத்துக்குப் போன சந்தை, ரயில்நிலையம் ஆகியவை இன்னும் ஆபத்து. ஒரு புள்ளியின் மிச்சப்பிழை (பொருத்திய பின்னும் எஞ்சும் விலகல்) மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் உருமாற்றத்தை உயர்த்தாதீர்கள். அந்தப் புள்ளியைத் திரும்பப் பாருங்கள். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற தேர்வு எல்லாப் புள்ளியிலும் பிழையைப் பூஜ்யமாகக் காட்டும். கொடுத்த புள்ளிகள் வழியாகவே தாளை இழுத்துவிடுவதால் வரும் பூஜ்யம் அது. பாம்பு வளைவும் அங்கிருந்துதான் வருகிறது.

பல தாள்களாக உள்ள வரைபடம் என்றால் ஒவ்வொரு தாளையும் தனித்தனியே பொருத்துங்கள். ஈரத்தில் தாள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கியிருக்கும். ஒட்டிவிட்டுப் பொருத்தினால் அந்தச் சுருக்கமெல்லாம் கலந்துபோகும். 1:10,000 அளவில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 5 மீட்டர் அகலம். ஆகவே ‘பழைய மதில் சரியாக இந்தக் கதவு வழியாகப் போனது’ என்று அதை வைத்து எழுத முடியாது.

மூலப்படங்களுக்கு ஸ்டான்ஃபோர்டில் உள்ள டேவிட் ரம்சி தொகுப்பும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளமும் போதும். இரண்டிலும் ஏற்கெனவே பொருத்திவைத்த வரைபடங்கள் உண்டு. மென்பொருளைத் திறக்கும் முன் அவற்றைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கே: எந்தப் பழைய நகர வரைபடத்தை முதலில் பார்க்கச் சொல்வீர்கள்?

ப: ஜாம்பட்டிஸ்டா நோல்லி 1748இல் வெளியிட்ட ரோம். 12 செப்புத்தகடுகள். வீடுகள் நிழலிட்டிருக்கும், தெருக்கள் வெள்ளை. தேவாலயத்தின் உட்புறமும் வெள்ளை! யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய இடமெல்லாம் தெருவின் தொடர்ச்சி என்பது அவர் பார்வை. தூண்கள் வரை எண்ணலாம். அடுத்தது சார்லஸ் பூத்தின் லண்டன் வறுமை வரைபடம். தெருவுக்குத் தெரு ஏழு வண்ணம். கறுப்பு அடிமட்டம், மஞ்சள் செல்வச் செழிப்பு. லண்டன் பொருளியல் பள்ளி இதையும் கள ஆய்வுக் குறிப்பேடுகளையும் இணையத்தில் வைத்திருக்கிறது. வண்ணத்தோடு நிறுத்தாமல் அந்தத் தெருவின் குறிப்பையும் படியுங்கள். பிந்தைய திருத்தத்துக்காக ஆய்வாளர்கள் காவலர்களோடு நடந்து எழுதியவை அவை. ஒரு தெரு எப்படி இருந்தது என்பதோடு, காவலர் அதை எப்படிப் பார்த்தார் என்பதும் அந்த வண்ணத்துக்குள் இருக்கிறது.

கே: வரைபடத்தில் இருந்த ஊர் நிஜத்தில் இல்லவே இல்லையாமே?

ப: நியூயார்க் மாநிலத்தின் அக்லோ. 1930களில் ஜெனரல் டிராஃப்டிங் நிறுவனம், யாராவது தன் வரைபடத்தைக் காப்பியடித்தால் பிடிக்க வைத்த பொறி. ஓட்டோ ஜி. லிண்ட்பெர்க், எர்னஸ்ட் ஆல்பர்ஸ் ஆகிய இருவரின் முதலெழுத்துகளைக் கலைத்துப் போட்ட பெயர். பிறகு போட்டி நிறுவனமான ராண்ட் மெக்னலியின் வரைபடத்திலும் அக்லோ வந்தது. பிடித்துவிட்டோம் என்று பார்த்தால், அங்கே நிஜமாகவே ‘அக்லோ பொதுக்கடை’ என்று ஒன்று இருந்தது. வரைபடத்தைப் பார்த்துத்தான் கடைக்காரர் பெயர் வைத்திருந்தார்!

கே: நல்ல கட்டுரைகளைப் புத்தகக்குறியாகச் சேர்த்து வைத்தேன். இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் பாதி வேலை செய்யவில்லை. எப்படிக் காப்பாற்றுவது?

ப: புத்தகக்குறி வெறும் முகவரி, வீடு இடிந்தால் முகவரியால் பயனில்லை. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்துக்குள் கிடைக்காமல் போனதாக பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது.

இரண்டு பிரதி எடுங்கள்: ஒன்று பொதுவெளியில், ஒன்று உங்களிடம். பொதுவெளிக்கு இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷின். ‘இப்போதே சேமி’ பெட்டியில் முகவரியை இட்டால் புதிய முகவரி ஒன்று கிடைக்கும். அதிலுள்ள 14 இலக்கங்கள் வருஷம் (4), மாதம், நாள், மணி, நிமிடம், நொடி (தலா 2); நேரம் கிரீன்விச் கணக்கு. சேமித்த கையோடு அந்தப் பிரதியை உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து கடைசி வரை உருட்டிப் பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. உருட்டும்போது மட்டும் ஏறும் படங்கள், கடவுச்சொல் கேட்கும் பக்கம், பொதிந்த வீடியோ மூன்றும் சேமிப்பில் அடிக்கடி விட்டுப்போகும். பக்கம் வந்திருக்கும், படம் இருக்கவேண்டிய இடத்தில் காலிப் பெட்டி இருக்கும்.

உங்கள் பிரதிக்கு சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்சி நல்லது. எழுத்தும் படமும் சேர்ந்து ஒரே கோப்பாக இறங்கும். அழுத்தும் முன் பக்கத்தை ஒருமுறை அடிவரை உருட்டிவிடுங்கள். அச்சிட்டுப் பிடிஎஃப் ஆக்கினால் விரியும் பகுதிகளும் நகரும் வரைபடங்களும் தொலையும். வரைபடம், படத்தொகுப்பு போன்று அழுத்த அழுத்த விரியும் பக்கங்களுக்கு ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற பதிவுக் கருவி வேண்டும். அது நீங்கள் திறந்தவற்றை மட்டுமே பதிவு செய்யும். திறக்காத படம் பிரதியில் இராது.

கோப்புக்குப் பெயர் ‘தேதி-நகரம்-பொருள்’ என்று வையுங்கள், தேதியை 2025-03-09 என்ற வரிசையில். அப்போதுதான் தானாகவே காலவரிசையில் அடுக்கும். மூலமுகவரி, எழுதியவர், பட்டியல் எண் மூன்றையும் பக்கத்தில் ஓர் எளிய எழுத்துக்கோப்பில் குறியுங்கள். மொத்தத் தொகுப்புக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே.

கே: மெட்ரோ வரைபடத்தில் தூரமாகத் தெரிந்த நிலையம், நடந்தால் அடுத்த தெருவில் இருக்கிறது!

ப: அந்த வகை வரைபடம் தூரத்தைக் காட்ட வரைந்ததே அல்ல. ஹாரி பெக் லண்டனுக்காக 1931இல் வரைந்து 1933இல் அச்சான மாதிரியைத்தான் உலகமே பின்பற்றுகிறது: நேர்கோடு, 45 பாகைச் சாய்வு, நிலையங்களுக்குச் சீரான இடைவெளி. எங்கே மாறவேண்டும் என்பதற்கு மட்டும் அதைப் பாருங்கள். கோவென்ட் கார்டனுக்கும் லெஸ்டர் சதுக்கத்துக்கும் இடையே 260 மீட்டர்தான். கோவென்ட் கார்டன் நிலையத்தில் ஏறி வரவேண்டியதே 193 படி. 2015 முதல் லண்டன் போக்குவரத்து நிர்வாகமே நிலையங்களுக்கிடையே நடக்கும் நிமிடங்களைப் போட்டுத் தனி வரைபடம் வெளியிடுகிறது.

கே: நடைபாதையில் மஞ்சள் புடைப்பு ஓடு பதிக்கிறார்களே, வழுக்காமல் இருக்கத்தானே?

ப: இல்லை. பார்வையற்றோருக்கான வழிகாட்டி அது. ஜப்பானின் செய்இச்சி மியாக்கே உருவாக்கியது. ஒக்கயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே 1967 மார்ச் 18 அன்று முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் இந்தத் திசையில் போகலாம். புள்ளிகள் என்றால் நில், முன்னால் சாலையோ படியோ நடைமேடை விளிம்போ திருப்பமோ இருக்கிறது. புடைப்பின் உயரம் ஏறக்குறைய 5 மி.மீ.; காலணி வழியாகவும் கைத்தடியிலும் உணரவேண்டும், தடுக்கவும் கூடாது. மஞ்சள் நிறம் மங்கலான பார்வை உள்ளவர்களுக்காக. தரையின் நிறத்திலேயே ‘அழகாக’ப் பதித்தால் அந்தப் பயன் போயிற்று.

தவறாகப் பதித்த படங்கள் இணையத்தில் ஏராளம்: கம்பத்தில் போய் முட்டும் பாதை, அலங்காரமாக முழுநீளத்துக்கும் புள்ளி ஓடு, குழி தோண்டி மூடியபோது கோடு ஓட்டைக் குறுக்காக வைத்தது. சிரிப்புப் படமாகப் பகிர்கிறார்கள். முழுநீளப் புள்ளிதான் இவற்றில் மோசம். அடிக்கு அடி ‘நில்’ என்று சொன்னால் உண்மையான சாலை விளிம்பில் யார் நிற்பார்கள்? இப்படி ஒன்றைக் கண்டால் படத்தில் ஓட்டின் திசை, அருகிலுள்ள கம்பத்தின் எண், இடக்குறி மூன்றும் இருக்கும்படி எடுத்து உள்ளாட்சிக்கு அனுப்புங்கள். வெறும் ஓட்டின் குளோசப்பை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது.

கே: இரவில் எடுத்த ஐஃபல் கோபுரப் படத்தைப் போடக்கூடாது என்பது உண்மையா? சுவரோவியப் படங்கள்?

ப: கோபுரத்தின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, பகல் படத்துக்குத் தடை இல்லை. இரவு விளக்கமைப்பு தனிப் படைப்பாகக் கருதப்படுகிறது. தொழில்முறைப் பயன்பாட்டுக்குக் கோபுர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சொந்தப் பக்கத்தில் நண்பர்களுக்குப் பகிர்வதற்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை. சுவரோவியம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள கட்டடம், சிலை படங்களுக்கு விலக்கு உண்டு, சுவரோவியத்துக்கு இல்லை. அமெரிக்க விலக்கு கட்டடங்களுக்கு மட்டும். பிறர் படத்தை எடுத்தாளும்போது கிரியேட்டிவ் காமன்ஸ் குறிகளைப் பாருங்கள்: பிஒய் என்றால் பெயர் போடவேண்டும், என்சி என்றால் வணிகத்துக்கு ஆகாது, என்டி என்றால் மாற்றக்கூடாது, வண்ணமூட்டுவதும் மாற்றம்தான். எஸ்ஏ என்றால் உங்கள் ஆக்கத்துக்கும் அதே உரிமத்தைக் கொடுக்கவேண்டும்.

கே: உலக ஒலி வரைபடத் தளங்களில் தெருச் சத்தம் கேட்பது பிடித்துப்போயிற்று. நானும் பதிவு செய்து ஏற்ற நினைக்கிறேன். கைபேசி போதுமா?

ப: தொடங்குவதற்குப் போதும், பதிவுச் செயலியை மாற்றினால். கைபேசியோடு வரும் செயலி பேச்சுக்காகச் செய்தது. சத்தம் குறைந்தால் தானே ஏற்றும், கூடினால் இறக்கும். ரயில் நெருங்கி வரும் உணர்வே அதில் செத்துவிடும். தானியங்கி ஒலிமட்டத்தையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க முடிகிற செயலி வேண்டும். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், முடிந்தால் 24 பிட். மிகப் பெரிய சத்தம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி மட்டத்தை வையுங்கள். பூஜ்யம்தான் உச்சவரம்பு; அதைத் தொட்டால் கிழிந்த ஒலிக்குப் பின்னால் சிகிச்சை இல்லை.

அதிகம் கெடுப்பது காற்று. மைக்கில் நுரைப்பஞ்சு உறை லேசான காற்றுக்குத் தாங்கும், தெருமுனைக் காற்றுக்கு ரோம உறைதான். கையில் பிடித்தால் விரல் உரசல் பதியும். ரயில்பாலக் கைப்பிடியில் வைத்தால் அதிர்வு ஏறும். மடித்த துணிமேல் வையுங்கள். பதிவு ஓடத் தொடங்கியபின் 3 முதல் 5 நிமிடம் நகராமல் நில்லுங்கள். நடந்துகொண்டே எடுத்த பதிவில் உங்கள் காலடியே கதாநாயகன்.

ரேடியோ அபோரி 2006 முதல் இயங்கும் ஒலி வரைபடத் தளம். இசை சேர்த்தது, வெட்டி ஒட்டியது அங்கே வேண்டாம். இடத்தின் ஒலி மட்டும். இடக்குறியை வரைபடத்தில் கட்டடத்தின் மேல் வைக்காமல் நீங்கள் நின்ற இடத்தில் வையுங்கள். தேதி, மணி, மைக் நோக்கிய திசை, மழையா வெயிலா என்று குறியுங்கள். அருகில் யாராவது தொலைபேசியில் பெயரோ கணக்கு எண்ணோ சொன்னது பதிவாகியிருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, அதற்கு முன்போ பின்போ உள்ள தொடர்ச்சியான ஒரு நிமிடத்தை எடுத்து ஏற்றுங்கள்.